அலையோடு போட்டியிட்ட குரல்

குட்டீஸ்... மேடை ஏறியதும் நாக்கு ஒட்டிக் கொள்கிறதா? குரல் நடுங்குகிறதா? அப்படியானால், டெமாஸ்தனீசின் கதை உங்களுக்குத்தான்!

கிரேக்க நகரமான ஏதென்சில், கி.மு., 384ல் பிறந்தார் டெமாஸ்தனீஸ். தந்தை வாள் பட்டறை நடத்திய செல்வந்தர். டெமாஸ்தனீசுக்கு 7 வயதானபோது தந்தை இறந்தார். சொத்துக்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட காப்பாளர்கள் மூவர், பெரும் பகுதியைச் சுருட்டி விட்டனர்.

அந்நாளில் ஏதென்சில், வழக்குத் தொடுப்பவர் தாமே நீதிமன்றத்தில் பேச வேண்டும். டெமாஸ்தனீசோ நோஞ்சான், மெல்லிய குரல், சில எழுத்துகள் தெளிவாக உச்சரிக்க வராது. ஆனாலும், சுமார் 20 வயதில் காப்பாளர்கள் மீது வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால், கைக்கு வந்ததோ கொஞ்சம் சொத்துதான்.

பின், மக்கள் மன்றத்தில் பேச எழுந்தார். திறந்தவெளிக் குன்று, ஆயிரக்கணக்கான மக்கள், மைக் கிடையாது. நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கியது. கூட்டம் கேலி செய்து சிரித்தது. தலை குனிந்து வெளியேறினார்.

அவருக்கு வழிகாட்டியவர் சாட்டிரஸ் என்ற நாடக நடிகர். ஒரு நாடக வசனத்தை டெமாஸ்தனீசைச் சொல்லச் சொன்னார். பின் அதே வசனத்தை, ஏற்ற இறக்கத்தோடு தாம் நடித்துக் காட்டினார். அதே சொற்கள்தான், ஆனால், புதிதாக ஒலித்தன! குறை சொற்களில் இல்லை, சொல்லும் விதத்தில்தான் என்பது டெமாஸ்தனீசுக்குப் புரிந்தது.

அதன்பின் அவர் செய்த பயிற்சிகளை, பழங்கால நூல்கள் கதை கதையாகச் சொல்கின்றன. உச்சரிப்பு தெளிவாக, வாயில் கூழாங்கற்களை அடக்கிக் கொண்டு பேசினாராம். மூச்சு வலுப்பெற, மேட்டில் ஏறியபடியே பேசினாராம். கூட்டத்தின் இரைச்சலுக்குப் பழக, அலை மோதும் கடற்கரையில் நின்று முழங்கினாராம். கை அசைவையும், முக பாவத்தையும் கண்ணாடி முன் திருத்திக் கொண்டாராம். வெளியே சுற்றாமலிருக்க, தலையில் ஒரு பக்கம் மட்டும் மொட்டை அடித்துக் கொண்டு நிலவறையில் பயின்றாராம்!

மாசிடோனிய மன்னர் பிலிப்பின் படைபலம் வளர்ந்தபோது, ஏதென்சை எச்சரித்து கி.மு., 351ல் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. சிரித்த ஊர், செவி கொடுத்தது. கி.மு., 338ல் நடந்த போரில் ஏதென்ஸ் தோற்றது. அப்போதும், உயிர் நீத்த வீரர்களுக்கு அஞ்சலி உரை நிகழ்த்த, மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். கி.மு., 322ல் மறைந்தார்.

குட்டீஸ்... கூழாங்கல்லை மட்டும் வாயில் போட்டு விடாதீர்கள், ஆபத்து! தினமும் ஒரு பக்கம், நிறுத்தி நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்துப் பழகுங்கள். உங்கள் குரலுக்கும் ஊர் செவி கொடுக்கும்!