பொன்வாய் யோவான்

பிரசங்கம் கேட்பது எளிது. கேட்டபடி நடப்பது அரிது. பிரசங்கிக்குக் கைதட்டியதோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பெருந்தொகையினராகவே இருந்து வந்திருக்கின்றனர். பொதுமேடைகளோடு பழகிய நம் வாசகர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இக்குறையை வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடி, வேத வாக்கியங்களை வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அரண்மனைக்கும் ஒருங்கே உரியனவாக விளக்கி, அதன் பயனாக நாடு கடத்தப்பட்டு உயிர் துறந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுகிறோம். அவரே யோவான் கிறிஸோஸ்தம். கிறிஸோஸ்தம் என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பொன்வாயர் என்பது பொருள். அது அவர் காலமான பின்னர் உலகம் அவருக்குச் சூட்டிய பட்டம்.

யோவான் பிறந்தது கி.பி. 347ஆம் ஆண்டையொட்டி, சிரியா தேசத்து அந்தியோகியா நகரில். இன்று துருக்கி தேசத்தில் அந்தாக்கியா என்று வழங்குவதும், 2023ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்ததும் அந்நகரமே. அக்காலத்தில் அது ரோம சாம்ராஜ்யத்தின் கீழ்த்திசை நகரங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று. தந்தை செக்குந்தஸ் சேனையில் உத்தியோகஸ்தர். மகன் கைக்குழந்தையாயிருக்கும்போதே இறந்தார். தாய் அந்தூசா இருபது வயதில் விதவையாகி, மறுமணத்தை மறுத்து, மைந்தனை வளர்ப்பதையே தம் விரதமாகக் கொண்டார். பழைய கிரேக்க தேவதைகளை வழிபட்ட லிபானியஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் யோவான் சொல்வன்மை கற்றார். நியாயஸ்தலமும் அரசாங்க உத்தியோகமும் அவருக்கு வழி திறந்து காத்திருந்தன. அவரோ ஞானஸ்நானம் பெற்று, மலையேறித் தவசிகளோடு வாழ்ந்தார். பின்னர் ஒரு குகையில் இரண்டாண்டு தனித்திருந்து, உறக்கத்தையும் உணவையும் ஒறுத்து, வேதத்தை நெட்டுருச் செய்தார். உடல் கெட்டது, வயிற்று நோய் ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. நகருக்குத் திரும்பியவர் 381இல் உதவிக் குருவாகவும் 386இல் குருவாகவும் நியமனம் பெற்றார்.

அவருடைய பிரசங்க முறையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேத வாக்கியத்துக்குள் மறைபொருள் தேடி ஆகாயத்தில் பறப்பது அக்காலத்தில் அலெக்ஸாந்திரியா நகரத்துப் பண்டிதர் சிலரின் வழக்கம். அந்தியோகியரோ சொல்லுக்குரிய நேர்ப்பொருளையே முதலில் நாடுவர். யோவான் இவ்வழி வந்தவர். ஒரு சுவிசேஷத்தை எடுத்தால் தொடக்கம் முதல் இறுதி வரை வரிசையாக விளக்கிச் செல்வார். மத்தேயுவின் சுவிசேஷத்துக்கு 90 பிரசங்கங்களும், யோவான் சுவிசேஷத்துக்கு 88ம், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு 32ம் இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் முற்பகுதி பொருள் விளக்கம். பிற்பகுதி அன்றாட வாழ்க்கை. கோபம், கடன், வட்டி, விருந்து, ஆபரணம், மக்களை வளர்க்கும் முறை, அடிமைகளை நடத்தும் விதம் ஆகிய இவையெல்லாம் அங்கே வரும்.

வேதம் படிப்பது துறவிகளின் வேலை, மனைவி மக்களும் தொழிலும் உடைய தமக்கு நேரமேது என்று சொல்வார் அந்நகரில் பலர். இச்சமாதானத்தை யோவான் ஏற்கவில்லை. போர்க்களத்தின் நடுவே நின்று நாள்தோறும் காயப்படுகிறவனுக்கே மருந்து மிகுதியாக வேண்டும் என்று அவர் விடை கூறினார். பசி வந்த காலத்திலும் கொல்லன் தன் சம்மட்டியையும் பட்டடையையும் விற்பதில்லை. அவை போனால் பிழைப்பே போய்விடும் என்று அறிவான். வேதமும் மனிதனுக்கு அத்தகைய தொழிற்கருவியே என்பது அவர் காட்டிய உவமை. ரதப் பந்தயக் குதிரைகளின் பெயரையும் வமிசத்தையும் தவறாமல் ஒப்பிக்கிறவர்களுக்குப் பவுலின் நிருபங்கள் எத்தனை என்று தெரியவில்லையே என வருந்தினார். ஆலயத்திலிருந்து வீடு திரும்பியதும் கேட்டவற்றை மனைவி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்றும், ஒவ்வோர் இல்லமும் ஒரு சிறு ஆலயமாக வேண்டுமென்றும் இடைவிடாது கற்பித்தார்.

செல்வரின் வாசலில் புண்பட்டுக் கிடந்த லாசரு என்னும் ஏழையின் கதையை அவர் பல நாள் தொடர்ந்து விளக்கினார். அச்செல்வன் லாசருவை அடித்ததாகவோ அவன் பொருளைப் பறித்ததாகவோ கதையில் இல்லை. ஆயினும் அவன் தண்டனை அடைந்தான். ஏன்? தன்னிடம் மிகுந்ததைப் பகிராமல் வைத்திருப்பதே ஏழையின் பங்கைத் திருடுவதாகும் என்று யோவான் பொருள் கூறினார். ஆலயத்துக்குப் பொற்கிண்ணம் அளிக்கும் பிரபுக்களை நோக்கி, வாசலில் ஏழை குளிரில் நடுங்கும்போது உள்ளே பட்டுத் திரை எதற்கு என்று கேட்டார். கிறிஸ்து ஏழையின் உருவில் பசித்திருக்கிறார் என்ற மத்தேயுவின் அதிகாரத்தை அவர் அலங்காரப் பேச்சாகக் கொள்ளவில்லை. கணக்குத் தீர்க்க வேண்டிய கடன் பத்திரமாகவே வாசித்தார்.

கி.பி. 387இல் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. சக்கரவர்த்தி தியோடோசியஸ் விதித்த புதிய வரியைக் கேள்வியுற்ற அந்தியோகியா ஜனங்கள் கொதித்தெழுந்து, சக்கரவர்த்தியின் சிலைகளையும் அவர் குடும்பத்தார் சிலைகளையும் தள்ளித் தெருவில் இழுத்தனர். சில மணி நேரத்தில் கலகம் அடங்கியது, அச்சம் தொடங்கியது. சிலையை அவமதிப்பது ராஜத் துரோகம். பலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். குடிகள் வீடுகளை விட்டு ஓடினர். நகரமே அழிக்கப்படும் என்ற பேச்சு எழுந்தது. அது வீண் பயமன்று. இதே சக்கரவர்த்தி பின்னர் 390இல் கோபாவேசத்தில் தெசலோனிக்கா நகரத்தார் ஆயிரக்கணக்கானோரை வெட்டச் செய்தார் என்பது சரித்திரம். அந்தியோகியாவின் முதிய பிஷப் பிளேவியன், குளிரையும் தம் தள்ளாமையையும் பாராமல், மன்னிப்புக் கேட்கத் தலைநகருக்குப் புறப்பட்டார். நகரத்தைத் தாங்கும் பொறுப்பு, குருவாகி ஓராண்டே ஆன யோவானிடம் வந்தது.

அந்த உபவாச காலத்தில் அவர் செய்த பிரசங்கங்கள் சிலைகளைப் பற்றியவை என்ற பெயரால் வழங்குகின்றன. ஜனங்களுக்கு ஆறுதல் கூறினார். மரணத்துக்கு அஞ்சுவதைவிடப் பாவத்துக்கு அஞ்சுக என்றார். ஆனால் நம்மை வியக்கச் செய்வது வேறொன்று. நகரம் முழுவதும் உயிர்ப்பயத்தில் இருந்த அவ்வேளையில் அவர் மீண்டும் மீண்டும் கேட்டது ஒரு சிறு சீர்திருத்தமே: ஆணையிடும் வழக்கத்தை விடுங்கள் என்பது. மலைப் பிரசங்கத்தில் இயேசு ஆணையிடுவதைத் தடுத்திருக்கிறார். அதை அவர் வீட்டு நிகழ்ச்சி ஒன்றால் விளக்கினார். அடிமையை அடிப்பிப்பேன் என்று மனைவி ஆணையிடுகிறாள். அடிக்க விடேன் என்று கணவன் ஆணையிடுகிறான். என்ன நடந்தாலும் ஒருவர் பொய்யராவது நிச்சயம். சாப்பாட்டு வேளையில் எழும் சச்சரவு சத்தியத்தையே கொன்றுவிடுகிறது. நாக்குத் தவறினால் அன்று உணவின்றி இருக்கும் தண்டனையைத் தாமே விதித்துக்கொள்ளுமாறும் சொன்னார். ராஜ கோபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைத்திருக்கலாம். தம் நாவை அடக்கத் தெரியாத ஜனங்கள் ஒரு நாள் கோபத்தில் சிலையைத் தள்ளுவார்கள், மறுநாள் பயத்தில் மலைக்கு ஓடுவார்கள் என்பதை அவர் கண்டார். தம்மை ஆளத் தெரிந்தவர்களையே ஒருவரும் அச்சுறுத்த முடியாது. ஈஸ்டர் பண்டிகைக்குள் மன்னிப்போடு பிளேவியன் திரும்பினார்; நகரம் பிழைத்தது.

அவருடைய பேச்சைக் கேட்டு ஆலயத்துக்குள்ளேயே கைதட்டுவது அக்காலத்து வழக்கம். அதை யோவான் வெறுத்தார். கைதட்டலைக் கேட்கும் கணத்தில் மனிதர் என்ற முறையில் மகிழ்ச்சி தோன்றுவதையும், வீடு சென்றபின் கேட்டவர்கள் பயனடையவில்லையே என்ற துயரம் அதை விழுங்கிவிடுவதையும் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கைதட்டலை நிறுத்த ஒரு விதி செய்வோம் என்று அவர் சொன்னபோது அதற்கும் கைதட்டினர்! இதில் நகைப்புக்கு இடமுண்டு. நாம் நாணுவதற்கும் இடமுண்டு.

கி.பி. 397இல் தலைநகராகிய கான்ஸ்டாண்டினோபிளின் பிஷப் காலமானார். சக்கரவர்த்தி ஆர்க்காடியஸின் அரண்மனையில் சர்வாதிகாரியாயிருந்த யூட்ரோப்பியஸ், யோவானை அவ்விடத்துக்குத் தேர்ந்தெடுத்தார். ஜனங்கள் தடுப்பார்கள் என்று அஞ்சி, இரகசியமாகவே அவரை அந்தியோகியாவிலிருந்து கொண்டு போயினர். 398இல் பட்டம் ஏற்ற யோவான், பிஷப் மாளிகையின் ஆடம்பரச் செலவை வெட்டி, அப்பணத்தை வைத்தியசாலைகளுக்குத் திருப்பினார். பிரபுக்களுக்கு விருந்தளிக்கும் வழக்கத்தை நிறுத்தித் தனியே உண்டார். பணத்துக்குப் பதவி பெற்ற குருமாரைக் கண்டித்தார். ஏழைகள் நேசித்தனர், பெரிய மனிதர் பலர் பகைத்தனர்.

அடுத்த ஆண்டே யூட்ரோப்பியஸ் வீழ்ந்தார். ஆலயத்தில் அடைக்கலம் புகும் உரிமையைக் குறைத்துச் சட்டம் செய்தவர் அவர். இப்போது உயிர் பிழைக்க அதே ஆலயத்துக்குள் ஓடிவந்து பலிபீடத்தைப் பற்றிக்கொண்டார். வெளியே சேனை அவர் தலையைக் கேட்டது. யோவான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. உலக வாழ்வின் நிலையாமையைக் கூறும் பிரசங்கியின் ஆகமத்தை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த அம்மனிதரைச் சுட்டிக்காட்டி விளக்கினார். அதிகாரத்தின் முடிவைக் கேட்டவர் கண்முன் நிறுத்தினார். வீழ்ந்தவர்பால் இரக்கத்தையும் யாசித்தார். ஆலயத்தை விட்டு நீங்கிய பின்னரே யூட்ரோப்பியஸ் பகைவர் கையில் சிக்கி மாண்டார்.

சக்கரவர்த்தினி யூடோக்ஸியாவுக்கும் யோவானுக்கும் பகை முற்றியது. ஆடம்பரத்தையும் பேராசையையும் கண்டிக்கும் பிரசங்கங்கள் தம்மையே குறிக்கின்றன என்று அவர் கருதினார். அலெக்ஸாந்திரியாவின் பிஷப் தியோபிலஸ் தம் பொறாமையை அவர் கோபத்தோடு சேர்த்தார். 403இல் தலைநகருக்கு எதிர்க்கரையில் கூடிய ஒரு சபை யோவானைப் பதவி நீக்கியது. அவர் நாடு கடத்தப்பட்டார். ஜனங்கள் கொந்தளித்தனர். அரண்மனையிலும் ஒரு விபரீதம் நேர்ந்து அரசி அஞ்சினார் என்று சரித்திரக்காரர் கூறுவர். சில நாட்களில் அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாத காலம் சென்றது. ஆலயத்துக்கு அருகே அரசியின் வெள்ளிச் சிலையை நாட்டிக் கூத்தும் கூச்சலுமாகக் கொண்டாடினர். வழிபாட்டைக் கெடுத்த அவ்வாரவாரத்தை யோவான் வெளிப்படையாகக் கண்டித்தார். சற்றே மௌனம் சாதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் ஏழையின் வாசலில் சொன்னதை அரசியின் வாசலில் விழுங்குவது அவருக்குத் தெரியாத வித்தை. 404ஆம் ஆண்டு ஈஸ்டர் முந்திய இரவில், ஞானஸ்நானம் பெற வந்தவர்களைச் சிப்பாய்கள் அடித்துச் சிதறடித்தனர். ஜூன் மாதத்தில் யோவான் இறுதியாக வெளியேற்றப்பட்டார்.

ஆர்மீனியா மலைப்பிரதேசத்துக் குக்குசஸ் என்னும் சிற்றூர் அவருக்குச் சிறையாயிற்று. குளிரும் கொள்ளைக்காரர் பயமும் அவரை வாட்டின. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருநூறுக்கு மேல் எஞ்சியுள்ளன. அவற்றுள் பதினேழு, ஒலிம்பியாஸ் என்னும் அம்மையாருக்குத் தைரியம் கூறுபவை. அக்கடிதங்களின் செல்வாக்கைக் கண்டு பொறாத பகைவர், அவரைக் கருங்கடற்கரையில் உள்ள பித்தியஸுக்குக் கொண்டு போகுமாறு உத்தரவு பெற்றனர். மழையிலும் வெயிலிலும் நடத்திச் சென்றனர். அவ்வூர் சேருமுன், கொமானா என்னுமிடத்தில், 407ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, எல்லாவற்றுக்காகவும் கடவுளைத் துதித்தவராய் உயிர் நீத்தார். 438இல், யூடோக்ஸியாவின் மகனான இரண்டாம் தியோடோசியஸ் சக்கரவர்த்தியே அவருடைய எலும்புகளைத் தலைநகருக்கு வரவழைத்து, தம் பெற்றோர் செய்த பிழைக்காக அவற்றின் முன் வணங்கினார்.

பெரியார் என்பதற்காக அவருடைய குறையை மறைப்பது நம் முறையன்று. அந்தியோகியாவில் அவர் 386, 387ஆம் ஆண்டுகளில் செய்த எட்டுப் பிரசங்கங்கள், யூதர் பண்டிகைகளுக்குச் செல்லும் கிறிஸ்தவர்களைத் தடுக்க எழுந்தவை. ஆனால் அவற்றில் யூத ஜனங்கள்மீது அவர் பொழிந்த வசை மிகக் கொடியது. பிற்கால யூத விரோதிகள் அவ்வசையைத் தம் ஆயுதமாக்கினர். ஏழைக்காக அழுத அதே நாக்கு, அண்டை வீட்டானை இகழவும் செய்தது. நாவடக்கம் போதித்தவருக்கே நாக்குத் தவறியது. அத்தவறு அவர் ஆயுளோடு ஒழியவில்லை. பொதுமேடையில் பேசுவோர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதிக்க வேண்டிய எச்சரிக்கை இது. நல்ல நோக்கத்துக்காகவும் ஒரு கூட்டத்தாரை இகழலாகாது. சொன்னவன் மறைந்த பின்னும் சொல் வேலை செய்கிறது.

யோவான் கட்சி கட்டவில்லை. ராஜாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்யவுமில்லை. பழைய நூலைத் திறந்தார். எழுதியுள்ளதற்கு நேர்ப்பொருள் சொன்னார். அப்பொருளை இன்னார்க்கு விலக்கு என்று ஒருவருக்கும் தளர்த்தவில்லை. அவ்வளவே அரண்மனையைக் கலங்கச் செய்யப் போதுமானதாயிற்று. உயர்ந்த வாக்கியங்கள் எம்மதத்தவரிடமும் நிறைய உண்டு. அவற்றைக் கேட்டு மகிழ்கிறவர்கள் கணக்கிலடங்கார். கேட்டதில் ஒன்றையேனும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இன்றைய சோற்றிலும் நாளைய வியாபாரத்திலும் நடத்திக் காட்டுகிறவர் எத்தனை பேர்? அந்தியோகியாவில் யோவான் எழுப்பிய இக்கேள்விக்குக் கைதட்டல் விடையாகாது.