தானசிந்தாமணி அத்திமப்பை

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள், ஏடெழுதி வழங்கும் சாஸ்திர தானத்தால் அழியாப் புகழெய்தியவர் அத்திமப்பை. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த இப்பெருமாட்டியின் வரலாற்றை நாம் அறிதல் நலம்.

இவர்தம் தந்தையார் மல்லப்பன். அவரும் அவர் இளவல் பொன்னமய்யனும் வேண்ட, கவிச்சக்கரவர்த்தி பொன்னர் பதினாறாம் தீர்த்தங்கரர் சரிதமாகிய சாந்திபுராணத்தை இயற்றினார். அத்திமப்பை சாளுக்கியப் படைத்தலைவரான நாகதேவனை மணந்தார். தங்கை குண்டமப்பையும் அவருக்கே வாழ்க்கைப்பட்டார். நாகதேவன் இளமையிலேயே மறைந்தபோது, தங்கை உடன்கட்டை ஏறினார். அத்திமப்பையோ மகனை வளர்க்கும் கடமையையும் நோன்பையும் மேற்கொண்டு உயிர்வாழத் துணிந்தார். அத்துணிவே பின்னர் அறமாகக் கனிந்தது.

972இல் இராட்டிரகூடர் தலைநகரான மானியகேடம் சூறையாடப்பட்டது. அரசுகள் வீழுங்கால் ஏடுகளும் உடன் அழியும். ஒரே படியாக இருக்கும் நூல் ஒரு தீயில் மறையும். இதனை உணர்ந்தே போலும், அத்திமப்பை தம் பொருள்கொண்டு சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார்.

அச்சுப்பொறி இல்லாத காலம் அது. பனையோலையைப் பதப்படுத்தி, ஓரம் நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, மையிட்டு, சட்டங்களுக்கிடையே கயிற்றால் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தைப் பிழையின்றிப் படியெடுக்கவே நம் மாணாக்கர் இடர்ப்பட்டதை வகுப்பறையில் நாம் கண்டிருக்கிறோம். ஆயிரம் படிகளுக்கு எத்துணைக் கைகள், எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

1500 ஜிநபிம்பங்களையும் இவர் செய்வித்து அளித்ததாகக் கூறுவர். 993இல் ரன்னர் இயற்றிய அஜிதபுராணம் இவர் ஆதரவில் எழுந்தது. அந்நூல் இவரைப் போற்றுகிறது. லக்குண்டியில் இவர் எழுப்பிய ஜிநாலயம் இன்றும் நிற்கிறது. அவ்வூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவர் கொடைக்குச் சான்று. தானசிந்தாமணி என்பது இவர் பெற்ற சிறப்புப் பெயர்.

பின்னாளில் ஓய்சளர் காலத்தில் வண்ண ஓவியங்களோடு எழுதப்பெற்ற தவள நூலின் ஓலைகள் மூடபித்ரியில் காக்கப்பட்டு வந்தன. ஏட்டை எழுதுவித்தலும், அழகுசெய்தலும், காத்தலும் ஒரே அறத்தின் கிளைகளே.

நம் இல்லப் பரண்களில் பழஞ்சுவடிகள் இன்னும் உறங்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அவற்றை எடுத்துத் தூசு தட்டி, அறிந்தோரிடம் காட்டிப் பேணுவோமாக. அதுவே அத்திமப்பைக்கு நாம் செலுத்தும் வணக்கம்.