வரவுக்குள் வாழ்ந்த தேவமனிதன் ஜான் வெஸ்லி

ஜான் வெஸ்லி என்றதும் நமக்கு எழுப்புதல்தான் ஞாபகத்துக்கு வரும். குதிரைமேல் ஏறி இங்கிலாந்து தேசமெங்கும் சுற்றி, திறந்த வெளிகளில் திரளான ஜனங்களுக்குப் பிரசங்கித்த ஊழியக்காரர் அவர். ஆனால் அவருடைய கணக்கு நோட்டைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கடன்பட்ட வீட்டுப் பிள்ளை

வெஸ்லி 1703-ம் வருஷம் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் அந்த ஊர்ச் சபையின் போதகர். தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலர் சிறுவயதிலேயே மரித்துப் போனார்கள். அந்த வீட்டில் ஜெபம் குறையவில்லை, கடனும் குறையவில்லை. 1705-ல் 30 பவுண்டுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகத் தகப்பனாரைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். அப்போது ஜானுக்கு வயது இரண்டு. சூசன்னா அம்மா கையில் காசு இல்லை. தன் மோதிரங்களைச் சிறைக்கு அனுப்பி வைத்தார். கணவரோ அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த நாட்களில் யார்க் பேராயர் வந்து, வீட்டில் அப்பத்துக்குக் குறைவு உண்டா என்று அம்மாவிடம் விசாரித்தார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அப்பம் இல்லாமல் ஒருநாளும் போகவில்லை. ஆனால் சாப்பிடுமுன் அதைத் தேடுகிற கவலையும், சாப்பிட்டபின் அதற்குப் பணம் கட்டுகிற கவலையும் சேர்ந்து அந்த அப்பத்தையே கசப்பாக்கிவிட்டது என்றார். மளிகைக்கடை பாக்கியோடு உலை வைத்த தாய்மார்களுக்கு இந்த வார்த்தை நன்றாகப் புரியும்.

28 பவுண்டு என்ற எல்லை

வெஸ்லி ஆக்ஸ்போர்டில் படித்து, 1726-ல் அங்குள்ள லிங்கன் கல்லூரியில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஒரு குளிர்நாளில், அவரும் நண்பர்களும் நடத்திய பள்ளியைச் சேர்ந்த ஏழைப் பெண் ஒருத்தி மெல்லிய துணி உடுத்தி நடுங்கிக்கொண்டு வந்தாள். உடுப்பு வாங்கிக்கொடுக்கலாமென்று பையில் கைவிட்டார். காசு மிச்சமில்லை. சற்று முன்தான் தன் அறைச் சுவருக்குப் படங்கள் வாங்கிச் செலவழித்திருந்தார். அந்தப் படங்கள் அவள் குளிரிலிருந்து வாங்கிய படங்கள் என்று அவர் மனது குத்தியது.

பின்னாளில் ஒரு பிரசங்கத்தில், ஆக்ஸ்போர்டு வாலிபன் ஒருவனின் கணக்கை அவர் சொன்னார். அது அவருடைய கணக்கேதான் என்பார்கள். முதல் வருஷம் வரவு 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைத் தர்மம் செய்தான். மறுவருஷம் வரவு 60. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் வருஷம் 90 வந்தது, கொடுத்தது 62. நான்காம் வருஷம் 120 வந்தது, கொடுத்தது 92. பாருங்க, வரவு நாலு மடங்கு ஏறியது, செலவு ஒரு பவுண்டுகூட ஏறவில்லை! நமக்கோ சம்பளம் ஏறுமுன்னே செலவு ஏறிவிடுகிறது.

இந்த மிச்சம் எப்படி வந்தது? சின்னச் சின்ன காரியங்களில்தான். முடிதிருத்தும் செலவை மிச்சம்பிடிக்க முடியை நீளமாக விட்டார். 1746-ல் தேநீரை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி மற்றவர்களுக்கும் புத்தி சொன்னார். பிற்பாடு வைத்தியர் சொன்னபடியால் மறுபடியும் குடித்தார். சிக்கனம் அவருக்கு விக்கிரகம் அல்ல.

கஞ்சத்தனமும் அல்ல. 1760-ல் அச்சான பணத்தைக் குறித்த பிரசங்கத்தில் நேர்மையாய்ச் சம்பாதி, சேமி, கொடு என்று மூன்று படிகளைப் போதித்தார். முதலில் உனக்கும் உன் வீட்டாருக்கும் தேவையான ஆகாரம், வஸ்திரம். பிறகு விசுவாசக் குடும்பத்தார். பிறகு எல்லா மனுஷரும் என்று வரிசையும் காட்டினார். பெண்சாதி பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுக் காணிக்கை கொடுக்க அவர் சொல்லவேயில்லை.

கடனாளிகளுக்குக் கைகொடுத்தவர்

சிறைக்குப் போன தகப்பனின் பிள்ளை கடன்பட்டவர்களை மறக்கவில்லை. 1746-ல் லண்டனில் வீதி வீதியாய்ப் போய் வசதியுள்ளவர்களிடம் கேட்டு 50 பவுண்டு சேர்த்து ஒரு கைமாற்று நிதி தொடங்கினார். ஒருவருக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு வரைக்கும் கொடுப்பார்கள். மூன்று மாதத்தில் திருப்பிக் கட்டவேண்டும். ஒரே வருஷத்தில் 250 பேருக்கு உதவி கிடைத்தது. அவர்கள் திருப்பிக் கட்டக் கட்ட, அதே 50 பவுண்டு கைமாறிக் கைமாறிப் போனது.

புத்தக விற்பனையில் அவருக்குப் பெரும் தொகை வந்தது. ஆனால் 1776-ல் வெள்ளிச் சாமான்களுக்கு வரி கேட்டு அதிகாரிகள் எழுதியபோது, லண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டும் ஆக நாலே வெள்ளிக் கரண்டிகள்தான் என்னிடம் உண்டு, சுற்றிலும் இத்தனை பேர் அப்பமில்லாதிருக்கையில் இனி வாங்கப்போவதும் இல்லை என்று பதில் எழுதிவிட்டார்.

கணக்கை முடித்தார்

1790-ல் 87 வயதில், கை நடுங்க கணக்கு நோட்டில் கடைசி வரிகளை எழுதி மூடினார். 1791 மார்ச் 2-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆடம்பர வண்டி வேண்டாம், ஏழைகள் ஆறு பேர் என்னைச் சுமக்கட்டும், ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். கடைசிப் பிரயாணத்திலும் அந்தக் காசு ஏழை வீட்டுக்குத்தான் போனது.

தேவபிள்ளைகளே, நம் வீட்டு 28 பவுண்டு எது? புருஷனும் மனைவியும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஜெபித்து, ஒரு நோட்டில் எழுதிப்பாருங்கள். அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், மருந்து, காணிக்கை எல்லாம் எழுதி ஓர் எல்லை போடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் தவணையில் என்ன வாங்கினார் என்று பார்த்து அந்த எல்லையைத் தள்ளி வைக்காதீர்கள். கடன் இருந்தால் ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள், அதையும் எழுதுங்கள். மிச்சம் பிடிக்கிற பணம் முதலில் அதற்குப் போகட்டும். சூசன்னா அம்மாவுக்குக் கசந்த அப்பம் நம் பிள்ளைகளுக்குக் கசக்க வேண்டாம். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.