எர்ஸ்கின் சில்டர்ஸ்

நாவல் வாசிக்கும் வழக்கமுடைய ஆங்கிலேயருக்கு எர்ஸ்கின் சில்டர்ஸ் என்னும் பெயர் ஒரு மர்மக் கதையை நினைப்பூட்டும். ஐரிஷ் மக்களுக்கோ அதே பெயர் ஒரு பாய்க்கப்பலையும், ஒரு பட்டாளக் கொட்டடியின் சுவரையும் நினைப்பூட்டுவது. பிரிட்டிஷ் கப்பற்படையில் உத்தியோகம் வகித்து வீரப் பதக்கமும் பெற்ற ஒருவர், அயர்லாந்தின் பூரண சுதந்திரத்தைக் கைவிட மறுத்து, முடிவில் ஐரிஷ்காரர் அமைத்த சர்க்காராலேயே சுடப்பட்டு மாண்டார் என்பது சரித்திர விசித்திரங்களுள் ஒன்றாகும்.

அவர் 1870-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். தந்தையார் ராபர்ட் சீஸர் சில்டர்ஸ் நமக்கு முற்றும் அன்னியர் அல்லர். இலங்கை சிவில் சர்விஸில் உத்தியோகம் பார்த்து, அங்கே பாலி பாஷை பயின்று, பின்னர் பாலி - ஆங்கில அகராதி இயற்றிய பண்டிதர் அவரே. க்ஷயரோகத்தால் அவர் 1876-ல் காலமானார். சில வருஷங்களுக்குப் பின் தாயாரும் அந்நோய்க்கே இரையானார். திக்கற்ற குழந்தைகளை அயர்லாந்தில் விக்லோ ஜில்லாவிலிருந்த தாய்வழி உறவினர் வளர்த்தனர். இவ்வாறு பிறப்பால் ஆங்கிலேயரும் வளர்ப்பால் ஐரிஷ்காரருமானார் சில்டர்ஸ்.

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, 1895-ல் காமன்ஸ் சபையில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அக்காலத்தில் அவர் சிறந்த சாம்ராஜ்யவாதி. போயர் யுத்தத்திற்குத் தாமாகவே பெயர் கொடுத்துப் பீரங்கிப் படையில் ஊழியம் செய்தார். ஓய்வு நாட்களில் சிறு படகேறி ஜெர்மன் கரையோரத்து மணல் திட்டுகளிடையே திரிவார். அவ்வனுபவத்தில் விளைந்ததே 1903-ல் வெளியான 'மணல் திட்டுகளின் மர்மம்' என்னும் நாவல். இரண்டு ஆங்கில வாலிபர் படகிற் சென்று, இங்கிலாந்தின்மீது படையெடுக்க ஜெர்மனி செய்யும் இரகசிய ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பதே கதை. நீரோட்டமும் திட்டும் கால்வாயும் தேசப்படத்துடன் உள்ளபடியே விவரிக்கப்பட்டிருந்தமையால், ஜனங்கள் அதைக் கதையென்றே எண்ணாமல் எச்சரிக்கையென்று கொண்டனர். வேவு நாவல்களுக்கெல்லாம் அது முன்னோடியெனலாம். ஆயினும் அவர் எழுதிய நாவல் அது ஒன்றே.

நிற்க. 1904-ல் பாஸ்டன் நகரத்து மாலி ஆஸ்குட் அம்மையாரை மணந்தார். மாமனார் கலியாணப் பரிசாக ஒரு பாய்க்கப்பல் கட்டுவித்துக் கொடுத்தார். அதன் பெயர் ஆஸ்கார்ட். அயர்லாந்துக்கு சுயாட்சி வேண்டுமென்ற உறுதி அவர் உள்ளத்தில் படிப்படியாக வளர்ந்தது. 1910-ல் உத்தியோகத்தை உதறினார். மறு வருஷம் சுயாட்சி பற்றிப் பெரிய நூலொன்று வெளியிட்டார். 1914 ஏப்ரலில் அல்ஸ்டர் யூனியனிஸ்டுகள் சுமார் 25,000 துப்பாக்கிகளை இறக்கியபோது பிரிட்டிஷ் சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தேசியத் தொண்டர்களுக்கும் ஆயுதம் வேண்டுமென்று சிலர் பணம் திரட்டி, ஹாம்பர்க்கில் பழைய மாஸர் துப்பாக்கிகள் 1,500 வாங்கினர். அவற்றுள் 900 ஆஸ்கார்டில் ஏறின. படுக்கவும் இடமின்றித் துப்பாக்கிகளின்மேலேயே படுத்துறங்கி, ஓரிரவு பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்களின் நடுவிலேயே நுழைந்து, சொன்ன நாளில் தவறாமல் ஜூலை 26-ந் தேதி பட்டப்பகலில் ஹௌத் துறைமுகம் சேர்ந்தது அக்கப்பல். கப்பலில் மாலி அம்மையாரும் இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. அன்று மாலையே டப்ளின் வீதியில் பட்டாளத்தார் ஜனக்கூட்டத்தின்மீது சுட்டனர், உயிர்கள் மாண்டன. அல்ஸ்டருக்கு ஒரு நீதி, டப்ளினுக்கு ஒரு நீதி!

சில தினங்களில் மகாயுத்தம் மூண்டது. துப்பாக்கி கடத்திய அதே மனிதரைப் பிரிட்டிஷ் கப்பற்படை அழைத்துக்கொண்டது. ஜெர்மன் கரையை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. சிறிய தேசங்களின் உரிமைக்காகவே இப்போர் என்ற சொல்லை அவர் நம்பினார். 1914 கிறிஸ்துமஸ் தினத்தில் கடல் விமானமேறிக் குக்ஸ்ஹாவன் தாக்குதலில் கலந்துகொண்டார். பின்னர் பதக்கமும் கிடைத்தது. இதற்கிடையே 1916-ல் டப்ளினில் கலகக்காரர் ஏந்திய துப்பாக்கிகளுள் அவர் கொண்டுவந்து இறக்கியவையும் இருந்தன. அக்கலகத் தலைவர்களைச் சுட்டுக் கொன்ற செய்கை அவருடைய நம்பிக்கையைக் குலைத்தது. யுத்தம் முடிந்ததும் 1919-ல் டப்ளினில் குடியேறி, குடியரசுக் கட்சியின் பிரசாரத்தைத் தம் பேனாவால் நடத்தலானார். 1921-ல் ஐரிஷ் சபைக்கு அங்கத்தினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அவ்வருஷக் கடைசியில் லண்டனில் நடந்த சமரசப் பேச்சில் ஐரிஷ் தூதுகோஷ்டியின் காரியதரிசி அவரே. உடன்படிக்கை அரசருக்கு விசுவாசப் பிரமாணம் கேட்டது. அவர் அதை எதிர்த்தார். தோழர் இரு பிரிவாயினர். ஆர்தர் கிரிபித் சபையில் அவரை ஆங்கிலேயன் என்று சொல்லி இகழ்ந்தார். ஆங்கிலேயர் பலரோ முன்னமே அவரைத் துரோகி என்றிருந்தனர். இரு தரப்பாரும் சேர்ந்து வைத ஒரு மனிதர் வேவுகாரராக இருந்திருப்பார் என நாம் நம்புவதற்கில்லை. ஆயினும் கிரிபித்தும் தேசத்திற்காக உழைத்தவரே. சகோதரச் சண்டை இத்தகைய சொற்களையும் பேசுவிக்கும் போலும்.

உள்நாட்டுப் போர் மூண்டது. 1922 நவம்பர் 10-ந் தேதி, இளமையில் தாம் வளர்ந்த வீட்டிலேயே சில்டர்ஸ் பிடிபட்டார். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்பது புதிய சட்டம். அவர் கையிலிருந்ததோ ஒரு சிறு கைத்துப்பாக்கி. முன்பு மைக்கேல் காலின்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்தக் காலின்ஸ் எதிர்த்தரப்புக்குத் தலைவராகி, மூன்று மாதம் முன்னரே போரில் மாண்டிருந்தார். இராணுவக் கோர்ட்டு தண்டனை விதித்தது. அப்பீல் முடியுமுன்னரே நவம்பர் 24-ந் தேதி பெக்கர்ஸ் புஷ் கொட்டடியில் அதை நிறைவேற்றிவிட்டனர். அப்பீல் நிலுவையிலிருக்கச் சுட்டது எந்தச் சட்டத்திற்கு அடுக்குமோ அறியோம். தம்மைச் சுடவந்த சிப்பாய்கள் ஒவ்வொருவரோடும் அவர் கைகுலுக்கினார். சுலபமாயிருக்கும், ஓரிரண்டடி முன்னே வாருங்கள் என்றும் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 52.

அதற்கு முன் பதினாறு வயது மகனை அழைத்து, தமது மரணத்துக்குக் காரணமானவர்களைத் தேடிச் சென்று கைகொடுக்கும்படி வாக்குறுதி வாங்கிக்கொண்டார். மகன் அவ்வாறே செய்தான். 1973-ல் அயர்லாந்தின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ் அவனே.