மூதறிஞரின் தூது

கருநாடக எல்லையை அடுத்த ஓசூர், இன்று தொழிற்சாலைகள் மலிந்த நகரம். அதன் அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய அவர், காந்தியடிகளைப் பின்பற்றிச் சிறை புகுந்தார். விடுதலை பெற்ற நாட்டின் தலைமை ஆளுநராகவும் உயர்ந்தார். முதுமையில் அவர் அணுகுண்டை எதிர்த்து ஆற்றிய தொண்டு பலரும் அறியாதது.

1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பசிபிக் பெருங்கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கர் ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தனர். தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மீது நச்சுச் சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் செப்டம்பரில் மாண்டார். காற்றும் கடலும் உலகிற்குப் பொது. அவற்றில் நஞ்சு கலக்க எந்த அரசுக்கு உரிமை உண்டு என்பதே இராஜாஜியின் வினா.

மற்றவர் நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்றே வல்லரசுகள் இருந்தன. ஒருவரேனும் முதலில் துணிந்து நிறுத்தவேண்டும் என்றார் அவர். (செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை ஆக்குவோர், ஆறு திங்களேனும் பணியை நிறுத்திவைக்குமாறு 2023இல் அறிஞர் பலர் வேண்டினர், அப்போட்டியும் நிற்கவில்லை.)

1962ஆம் ஆண்டு செப்டம்பரில், 83 வயது முதியவராய், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவிற்குத் தலைமை தாங்கி வாஷிங்டன் சென்றார். 45 வயதே நிரம்பிய குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, சோதனைகளைக் கைவிடுமாறு வேண்டினார்.

1963 ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்கா, சோவியத்து நாடு, பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் செய்தன. காற்றிலும் விண்வெளியிலும் நீரடியிலும் சோதனை நடத்துவதில்லை என உறுதி பூண்டன. அது அத்தூதின் பயனே எனல் மிகையாகும். நிலத்தடிச் சோதனைகளை அவ்வொப்பந்தம் தடுக்கவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்த காலத்திலும் அவை நடந்துகொண்டுதான் இருந்தன.