மறந்த குழல்களுக்கு மூச்சுக் கொடுத்தவர்

கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர், நண்பர் வீட்டுச் சுவரில் விநோதமான மரக்குழல் ஒன்று தொங்குவதைக் கண்டார். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்தாற்போல் அதன் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் அலங்காரப் பொருள். அந்த மாணவருக்கோ அதை ஊதிப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை பிறந்தது. அவர்தான் டேவிட் மன்ரோ. குழலின் பெயர் க்ரம்ஹார்ன்.

1942-ம் வருஷம் ஆகஸ்ட் 12-ந் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர் மன்ரோ. கல்லூரியில் சேருமுன் பெரு நாட்டுக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்தார். திரும்புகையில் அந்தப் பக்கத்துக் கிராமியக் குழல்களைக் கொண்டு வந்தார். கேம்பிரிட்ஜில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம்; மனம் லயித்ததோ பழைய வாத்தியங்களில். சங்கீத ஆராய்ச்சியாளர் தர்ஸ்டன் டார்ட் அவருக்கு ஊக்கமளித்தார்.

16-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளில் ஒலித்தது க்ரம்ஹார்ன். நமது நாகஸ்வரத்தில் சீவாளியை வித்வான் உதட்டில் வைத்து ஊதுகிறார். இதிலோ சீவாளி ஒரு மர மூடிக்குள் ஒளிந்திருக்கும். உதடு அதைத் தொடாது. ஆகவே நாதத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. எழும்பும் ஸ்வரங்களும் சுமார் ஒன்பதுதான். சிறிதும் பெரிதுமாகப் பல குழல்கள் சேர்ந்தால்தான் அதன் அழகு தெரியும். பின்னால் வந்த சங்கீதம் அதிக ஸ்வரங்களையும் நெகிழ்வையும் கேட்டது. க்ரம்ஹார்ன் வழக்கொழிந்தது.

1967-ல் மன்ரோ, கிறிஸ்டோபர் ஹாக்வுட், ஜேம்ஸ் போமன் முதலியோருடன் லண்டனில் பழஞ்சங்கீதக் குழு ஒன்றை அமைத்தார். காட்சிசாலைப் பண்டமென்று கருதப்பட்ட வாத்தியங்கள் கச்சேரி மேடை ஏறின. எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரைப் பற்றி 1970-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய டெலிவிஷன் நாடகத்துக்கு இசையமைத்தவரும் அவரே. சங்கீதமே அறியாத குடும்பங்களிலும் அந்தக் குழலோசை புகுந்தது. 1971 முதல் இளைஞர்களுக்காக ரேடியோவில் 655 நிகழ்ச்சிகள் நடத்தினார். விளக்கிச் சொல்வதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் வந்தது.

மேடையில் குதூகலமே உருவாக நின்ற அந்த மனிதரின் உள்ளத்தை மட்டும் சோர்வு அரித்து வந்தது. தந்தையையும் மாமனாரையும் இழந்தார். பழைய வாத்தியங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலை அவ்விருவருக்கும் சமர்ப்பித்தார். 1976-ம் வருஷம் அந்நூல் வெளிவந்தது. அதே வருஷம் மே 15-ந் தேதி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 33. ஊரார் அறிந்தது அவரது சிரிப்பை மட்டுமே.

மறு வருஷம் அமெரிக்கா இரண்டு வாயேஜர் விண்கலங்களை ஏவியது. அவற்றிலுள்ள தங்க இசைத்தட்டில் பல நாட்டுச் சங்கீதங்களுடன், ஆந்தனி ஹோல்பார்ன் 1599-ல் வெளியிட்ட நடன இசையொன்றும் இடம் பெற்றது. வாசித்தது மன்ரோவின் குழு. ஒன்றேகால் நிமிஷ இசைதான். 2012-லும் 2018-லும் அக்கலங்கள் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டின. மன்ரோவின் மூச்சு இன்னும் பிரயாணத்தில்தான் இருக்கிறது.