சிறை பிடிபட்ட நிருபர்
சர்ச்சிலின் வாழ்க்கையில் ஒரு மாதம்

பெங்களூர் கிளப்பில் பழைய கணக்குப் புத்தகம் ஒன்று பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1899-ம் ஆண்டுக் கணக்கு அது. இனி வசூலாகாது என்று தள்ளுபடி செய்த பாக்கிகளின் பட்டியலில் ஓர் இளம் ராணுவ அதிகாரியின் பெயர் இருக்கிறது. பாக்கி 13 ரூபாய்.

அந்தப் பாக்கிக்காரர்தான் வின்ஸ்டன் சர்ச்சில். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரி. இட்லரை எதிர்த்து நின்றவர். இந்தியாவுக்குச் சுதந்திரம் தரக்கூடாது என்று கடைசி வரை வாதாடியவர்.

பாக்கி எழுதப்பட்ட அதே 1899-ல் அவர் ஒரு பத்திரிகை நிருபராகப் போர்க்களத்துக்குப் போனார். எதிரிகளிடம் பிடிபட்டார். தப்பினார். அவரை வீரர் என்று ஒரு சாரார் தோளில் தூக்கினார்கள். கூட்டாளிகளைக் கைவிட்டவர் என்று இன்னொரு சாரார் ஏசினார்கள். அந்தக் கதை இது.

பெங்களூரில் வாசம்

சர்ச்சில் 1874-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். தந்தை அரசியல்வாதி. தாய் அமெரிக்கப் பெண்மணி. பெரிய வம்சம், ஆனால் கையில் பணம் தங்காத குடும்பம்.

1896-ல் அவருடைய குதிரைப் படை பெங்களூருக்கு வந்தது. நண்பர்கள் இருவருடன் ஒரு பங்களாவில் குடியிருந்தார். காலையில் கவாத்து, மாலையில் போலோ. நடுவில் உள்ள வெயில் நேரத்தில் மற்றவர்கள் தூங்கினார்கள். இவர் படித்தார். தாயார் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை அனுப்பினார். பல்கலைக்கழகத்துக்குப் போகாத சர்ச்சில், சரித்திரமும் தத்துவமும் கற்றது பெங்களூரில்தான்.

ராணுவச் சம்பளம் செலவுக்குப் போதவில்லை. எழுதிச் சம்பாதிக்கலாம் என்று கண்டுகொண்டார். 1897-ல் வடமேற்கு எல்லையில் மலாகண்ட் சண்டை மூண்டபோது லீவு வாங்கிக்கொண்டு அங்கே ஓடினார். லண்டன் பத்திரிகைக்கும் அலகாபாத் 'பயனீர்' பத்திரிகைக்கும் செய்திகள் எழுதினார். மறு ஆண்டு சூடான் போரிலும் இதே வேலை. ஒரு கையில் கத்தி, மறு கையில் பேனா.

இது ராணுவத் தலைமைக்குப் பிடிக்கவில்லை. சிப்பாய் சிப்பாயாக இருக்க வேண்டும், நிருபர் நிருபராக இருக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. சர்ச்சில் 1899-ல் ராணுவ வேலையை விட்டார். ஓல்டாம் தொகுதியில் தேர்தலுக்கு நின்று தோற்றார்.

கவச ரயில்

அந்த ஆண்டு அக்டோபரில் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் வெடித்தது. போயர்கள் என்பவர்கள் அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி விவசாயிகள். அவர்களுடைய டிரான்ஸ்வால் நாட்டில் தங்கம் கிடைத்தது. சண்டைக்கு அதுவே முக்கிய காரணம்.

லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை சர்ச்சிலை நிருபராக அமர்த்தியது. மாதச் சம்பளம் 250 பவுன். அந்தக் காலத்தில் எந்தப் போர் நிருபரும் வாங்காத தொகை என்று பேசப்பட்டது.

நவம்பர் 15-ந் தேதி காலை. நேட்டால் மாகாணத்தில் எஸ்ட்கோர்ட் என்ற ஊரிலிருந்து ஒரு கவச ரயில் வேவு பார்க்கப் புறப்பட்டது. படைத் தலைவர் கேப்டன் ஹால்டேன். இவர் சர்ச்சிலுக்கு இந்தியாவிலேயே பழக்கமானவர். நிருபரும் ரயிலில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் போயர்கள் தண்டவாளத்தில் கற்களைப் போட்டுக் காத்திருந்தார்கள். பெட்டிகள் தடம் புரண்டன. மலைச் சரிவிலிருந்து பீரங்கியும் துப்பாக்கியும் வெடித்தன.

நிருபருடைய வேலை பார்த்து எழுதுவது. சர்ச்சில் அதோடு நிற்கவில்லை. கீழே குதித்து வழியைச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தலைமை ஏற்றார். தலையில் காயம்பட்ட என்ஜின் டிரைவர் வாக்னர் ஒதுங்கப் பார்த்தார். அவருக்குத் தைரியம் சொல்லி மறுபடி என்ஜினில் ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் குண்டு மழையில் என்ஜினை முன்னும் பின்னும் மோதவிட்டுத் தடையைத் தள்ளினார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு என்ஜின் தப்பியது. பின்தங்கிய சிப்பாய்களை அழைத்துவர சர்ச்சில் திரும்பி நடந்தார். பிடிபட்டார். கைத்துப்பாக்கியை என்ஜினிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

நிருபரா, சிப்பாயா?

டிரான்ஸ்வால் தலைநகர் பிரிட்டோரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தை அதிகாரிகளுக்கான சிறையாக மாற்றியிருந்தார்கள். சர்ச்சில் அங்கே அடைக்கப்பட்டார். அங்கேதான் 25-வது பிறந்த நாள் வந்தது.

நான் ஆயுதம் ஏந்தாத நிருபர், என்னை விடுவிக்க வேண்டும் என்று போயர் அரசுக்கு மனு மேல் மனு எழுதினார். அந்த மனுக்களுக்கு எதிரியாக வந்தது எது தெரியுமா? அவரைப் புகழ்ந்து வந்த பத்திரிகைச் செய்திகள்தான்! கவச ரயிலில் அவர் காட்டிய வீரத்தை நேட்டால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பத்திரிகைகள் போயர்களுக்கும் கிடைத்தன. இவ்வளவு செய்தவர் எப்படி வெறும் நிருபர் ஆவார் என்று அவர்கள் கேட்டார்கள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. சீருடை இல்லாதவர் சண்டையில் கலந்துகொண்டால் சுட்டுக்கொல்லக்கூட அந்நாளைய போர் வழக்கம் இடம் தந்தது. அந்தப் பயம் தமக்கு இருந்ததை சர்ச்சிலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் போயர்கள் அவரைக் கண்ணியமாகவே நடத்தினார்கள்.

சுவர் ஏறிக் குதித்தார்

ஹால்டேனும் பிராக்கி என்ற சார்ஜெண்டும் தப்பியோடத் திட்டமிட்டிருந்தார்கள். பிராக்கிக்கு அந்த நாட்டுப் பாஷைகள் தெரியும். சர்ச்சில் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அவர்களுக்கு அரைமனம். இருந்தும் சம்மதித்தார்கள்.

டிசம்பர் 12-ந் தேதி இரவு, காவலாளிகள் திரும்பி நின்ற ஒரு கணத்தில் சர்ச்சில் கழிப்பிடத்தின் பக்கமாகச் சுவர் ஏறி வெளியே குதித்தார். புதருக்குள் காத்திருந்தார். மற்ற இருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று சுவருக்கு அப்பாலிருந்து ஹால்டேன் மெல்லச் சொன்னார். திரும்பி உள்ளே ஏறுவதும் முடியாத காரியம். சர்ச்சில் தனியே நடந்தார்.

சட்டைப் பையில் 75 பவுன் பணமும் நான்கு சாக்லேட் கட்டிகளும் இருந்தன. வரைபடம் இல்லை. திசைகாட்டி இல்லை. பாஷை தெரியாது. போர்ச்சுகீசிய எல்லை சுமார் 300 மைல்!

ஓடும் சரக்கு ரயிலில் தொற்றி ஏறி, காலி நிலக்கரிச் சாக்குகளுக்கு நடுவே படுத்தார். விடியுமுன் குதித்துப் பகல் முழுவதும் ஒளிந்து கிடந்தார். மறுநாள் இரவு பசியும் களைப்பும் தாளாமல், விளக்கு எரிந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். அது விட்பேங்க் அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மானேஜர் ஜான் ஹோவர்டின் வீடு. ஹோவர்ட் ஆங்கிலேயர். அடுத்த வீட்டைத் தட்டியிருந்தால் கதையே வேறு.

ஒளித்து வைத்தது தெரிந்தால் ஹோவர்டின் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் அவர் சர்ச்சிலைச் சுரங்கத்துக்குள் இறக்கினார். எலிகள் மெழுகுவர்த்தியைத் தின்றுவிடும் இருட்டில் நாட்கள் கழிந்தன. அங்கிருந்த என்ஜினியர் ஒருவருக்குச் சொந்த ஊர், சர்ச்சில் தேர்தலில் தோற்ற அதே ஓல்டாம்! அடுத்த முறை ஊரே உங்களுக்கு ஓட்டுப் போடும் என்று அவர் தைரியம் சொன்னார்.

வெளியே சர்ச்சிலின் தலைக்கு 25 பவுன் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 19-ந் தேதி பர்ன்ஹாம் என்ற வியாபாரி தம் கம்பளி மூட்டைகளுக்கு நடுவே சர்ச்சிலை மறைத்து ரயிலில் ஏற்றினார். தாமும் அதே ரயிலில் கூடவே வந்தார். 21-ந் தேதி போர்ச்சுகீசியத் துறைமுகமான லொரன்சோ மார்க்கிஸ் வந்து சேர்ந்தார்கள். இன்று மபுட்டோ என்று வழங்கும் ஊர் அது. 23-ந் தேதி டர்பன் துறைமுகத்தில் பெருங்கூட்டம் சர்ச்சிலை வரவேற்றது.

புகழும் ஏச்சும்

அந்த வரவேற்புக்கு ஒரு காரணம் உண்டு. டிசம்பர் 10 முதல் 15 வரை ஒரே வாரத்தில் ஆங்கிலேயப் படை மூன்று இடங்களில் தோற்றிருந்தது. வெற்றிச் செய்திக்கு ஏங்கிய ஜனங்களுக்கு இந்த ஓட்டமே வெற்றியாகத் தெரிந்தது.

ஆனால் முணுமுணுப்பும் எழுந்தது. தப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறினார் என்று சிலர் எழுதினார்கள். அப்படி அவர் வாக்குக் கொடுக்கவில்லை. 1912-ல் இதையே திரும்பச் சொன்ன ஒரு பத்திரிகை மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். கூட்டாளிகளை விட்டுவிட்டுப் போனார் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்குக் கோர்ட்டில் தீர்ப்பு இல்லை. ஹால்டேனும் பிராக்கியும் பிறகு தாங்களாகவே தப்பி வந்தார்கள். ஹால்டேனின் மனக்கசப்பு மட்டும் கடைசி வரை ஆறவில்லை.

சர்ச்சில் எழுதிய செய்திகளும் ஊரை இரண்டாக்கின. போயர் ஒருவர் நம் சிப்பாய்கள் பலருக்குச் சமம், எதிரியைக் குறைவாக எடைபோடாதீர்கள் என்று அவர் எழுதியபோது லண்டன் கிளப்புகளில் இருந்த பெரியவர்கள் சீறினார்கள். தோற்றவர்களிடம் தாராளமாக நடக்க வேண்டும் என்று எழுதியபோதும் வசவு கிடைத்தது. சிறையில் போயர்களை நேரில் பார்த்தவருக்கு ஊரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது.

ஆனாலும் அவர் பேனாவோடு நிற்கவில்லை. டர்பனிலிருந்து நேரே போர்முனைக்குத் திரும்பி, நிருபர் வேலையையும் வைத்துக்கொண்டு லெப்டினெண்ட் பதவியும் பெற்றார். இரண்டும் கூடாது என்ற விதி முன்பு அவரைப் போன்றவர்களால்தான் வந்தது. அந்த விதி இப்போது அவருக்காகவே தளர்ந்தது!

1900-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி ஸ்பியான் காப் குன்றில் ரத்த ஆறு ஓடியது. சர்ச்சில் அன்று குன்றின் மேல் ஏறிப் போனார். அந்தச் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கு கட்டிலில் சுமந்தவர்கள் காந்திஜி திரட்டிய இந்தியத் தொண்டர்கள். சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள்; அவர்களில் தமிழர்களும் உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள், யாருடைய போரிலோ யாருடைய உயிரையோ காத்தார்கள். தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்தவர்களின் பெயர் சரித்திரத்தில் ஏறவில்லை.

கடன்கள்

1900 அக்டோபரில் ஓல்டாம் மக்கள் சர்ச்சிலைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். தப்பிய கதையே அவருக்கு ஓட்டு வாங்கித் தந்தது. அதைச் சொல்லிச் சொல்லி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சொற்பொழிவு நடத்திப் பணமும் சேர்த்தார். நியூயார்க் கூட்டத்தில் அவரை அறிமுகம் செய்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். அவர் அந்தப் போரையே எதிர்த்தவர்!

சுரங்கத்தில் ஒளித்துக் காத்தவர்களை சர்ச்சில் மறக்கவில்லை. தங்கக் கடிகாரங்கள் அனுப்பினார். போர் நடந்தபோது வெளியிட்ட புத்தகத்தில் அவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று பெயர்களை மறைத்தார். 1910-ல் உள்துறை மந்திரியாக இருந்தபோது என்ஜின் டிரைவர் வாக்னருக்கும் அவருடைய உதவியாளருக்கும் வீரப் பதக்கம் கிடைக்கச் செய்தார்.

ஆனால் போயர்களுக்காகத் தாராளம் பேசிய அதே மனிதர், இந்தியர்களின் விடுதலைக்கு அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. 1940-ல் பிரதமரானார். 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது, தானியம் கொண்டுவர வேண்டிய கப்பல்களை அவருடைய அரசு போதிய அளவு ஒதுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் நிற்கிறது. 1953-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றார். 1965-ம் ஆண்டு, அதே ஜனவரி 24-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

போர்முனையில் நிருபர்கள் பிடிபடுவது அவருக்குப் பிறகும் நிற்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போனவர் என்று சிலர் கண்ணீர் விடுவதும், அங்கே போகச் சொன்னது யார் என்று சிலர் கேட்பதும் நிற்கவில்லை. 1977-ல் ஜெனிவா ஒப்பந்தங்களோடு ஒரு விதி சேர்ந்தது. போர்க்களத்தில் உள்ள நிருபர் பொதுமக்களில் ஒருவராகவே கருதப்பட வேண்டும். ஆனால் அந்த நிலைக்குக் கேடு வரும் காரியம் எதையும் அவர் செய்யக்கூடாது என்கிறது அந்த விதி.

அன்று கவச ரயிலில் சர்ச்சில் பல உயிர்களைக் காப்பாற்றினார். அதே காரியத்தால் நிருபர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்தார். வீரர் என்றவர்களும் பொய் சொல்லவில்லை. நிருபர் அல்ல என்றவர்களும் பொய் சொல்லவில்லை. அவர் சிறைக்குள் போனதற்கும், வெளியே வந்தபின் ஊர் இரண்டுபட்டதற்கும் காரணம் ஒன்றேதான்.

ஹோவர்டுக்கும் வாக்னருக்கும் பட்ட கடனை அவர் தீர்த்தார். பெங்களூர் பாக்கி 13 ரூபாய் மட்டும் இன்னும் கணக்கில் நிற்கிறது.